முதலில் குளத்தைக் கீறுங்கள்

கற்பனையான மிருகக்காட்சிசாலை ஒன்றைத் தாளில் கீறும் பயிற்சியை வட இலங்கையின் வன்னியில் எந்த வகுப்பில் தொடங்கினாலும், முதல் பத்து நிமிடத்துக்குள் கரும்பலகைக்கு வந்துவிடும் பெயர்கள் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, பென்குயின். யானை கடைசியில்தான் வரும். இரவில் வேலியைப் பிரித்துக்கொண்டு வருவதைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. அந்தப் பட்டியலை நாங்கள் அழிப்பதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு கேள்வியை மட்டும் எழுதுகிறோம்: ஆவணி மாதம், பகல் இரண்டு மணிக்கு இது எங்கே கிடக்கும்?

பென்குயினுக்குக் குளிரூட்டி பூட்டலாம் என்று உடனே பதில் வரும். வெக்கையை அப்படிச் சமாளித்தாலும் நுளம்பைச் சமாளிப்பது கடினம். பறவைகளுக்கும் மலேரியா உண்டு. நம் ஊர்ப் பறவைகள் பல அதைச் சுமந்துகொண்டே திரியும். பென்குயினின் உடம்புக்கு அதை எதிர்த்துப் பழக்கமில்லை. நுளம்பு ஒன்று உள்ளே புகுந்தால் கூட்டத்தையே இழக்க நேரிடலாம். பக்கத்தில் குளம் இருக்கும் இடத்தில் அந்தக் காட்சியிடத்தை வைப்பது அறிந்தே செய்யும் பிழை. காணியும் காசும் கற்பனையாக இருக்கலாம். வெயிலையும் நீரையும் விலங்கின் உடம்பையும் மெய்யாகவே எடுக்க வேண்டும் என்ற விதியை இந்த இடத்தில்தான் சொல்லிக்கொடுக்கிறோம்.

தாள் 20 சென்ரிமீற்றருக்கு 40. ஒரு சென்ரிமீற்றர் 10 மீற்றர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 20 ஏக்கர் கிடைக்கும். அதில் விலங்கைக் கீறமுன் மூன்று ஏக்கர்க் குளம் ஒன்றைக் கீறச் சொல்கிறோம்: கட்டு, நீர் திறந்துவிடும் துருசு, மிஞ்சிய நீர் வழியும் வான், கட்டுக்கு எதிரே நீர் ஏறி இறங்கும் சரிவான அலைகரை எல்லாம் சேர்த்து. நீர்மட்டத்துக்கு இரண்டு கோடுகள் வேண்டும். தை மாதத்தில் வான் பாயும் மட்டம் ஒன்று, ஆவணியில் சேறு தெரியும் மட்டம் மற்றது. இந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள நிலந்தான் முழுத் திட்டத்தையும் தீர்மானிக்கிறது. மாரியில் கீறிய படத்தில் நீர் அகழி அழகாக இருக்கும். கோடையில் அதே அகழி விலங்கு நடந்து வெளியே வரும் பாதையாகிவிடும். கம்பிக்குப் பதில் அகழியை வைத்துத் திறந்த காட்சியிடம் அமைக்கும் முறையை 1907இல் ஹம்பேர்க்கில் காள் ஹேகன்பெக் பெரிதாகச் செய்துகாட்டினார். அவருடைய குடும்பத்தவரான ஜோன் ஹேகன்பெக் தொடங்கியதே பின்னர் 1936இல் அரசு பொறுப்பேற்ற தெகிவளை மிருகக்காட்சிசாலை. ஹம்பேர்க் வருடம் முழுவதும் மழை பெய்யும் ஊர். ஐந்து மாதம் வானம் பார்த்துக் கிடக்கும் ஊரில் அகழியை நீர் இல்லாமலே, ஆழத்தையும் சுவரின் உயரத்தையும் மட்டும் நம்பிக் கணக்கிட வேண்டும்.

குளத்துக்கான இனங்களைத் தேரும்போது நீரின் ஆழத்தைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மஞ்சள்மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும். மீன் முட்டியதும் மூடும். முழங்கால் அளவு நீர் இல்லாவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. கரண்டிவாயன் அதே ஆழத்தில் அலகை இடமும் வலமும் வீசித் தேடும். கூழைக்கடாவுக்கு ஆழமும் வேண்டும், எழும்புமுன் நீரில் ஓட நீளமும் வேண்டும். ஆகவே அலைகரைச் சரிவை மிக மெதுவாகக் கீற வேண்டும்: நீர் வற்ற வற்ற அந்த முழங்கால் ஆழப் பட்டி உள்ளே நகர்ந்துகொண்டே போகும், பறவையும் கூடவே போகும். செங்குத்தாகக் கரை வெட்டிய படங்களில் நாரை ஒரு மாதம்கூடத் தாங்காது.

எண்ணிக்கையில் நடக்கும் பிழைகள் இனத்தேர்வில் நடப்பவற்றை விட அதிகம். எதை எடுத்தாலும் ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று எழுதும் பழக்கம் பெரியவர்களிடமும் இருக்கிறது. நாரைகள் கூட்டமாகக் கூடுகட்டுபவை. இரண்டை விட்டால் சும்மா நின்றுகொண்டிருக்கும். நீளவால் இலைக்கோழியில் பேடு பல சேவல்களோடு சேர்ந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். அதற்கு ஒரு பேடும் மூன்று சேவலும் என்று எழுதினால்தான் காட்சி உயிர்பெறும். அதோடு நீலத் தாழைக்கோழியைச் சேர்க்கக் கூடாது. அது தாமரைத் தண்டையும் குருத்தையும் பிடுங்கித் தின்னும், கிடைத்தால் முட்டையையும் எடுக்கும். இலைக்கோழி நடப்பதற்கு இலையே மிஞ்சாது. இரண்டும் இரணைமடுக் குளத்தில் ஒன்றாகத்தானே நிற்கின்றன என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே விலகிப் போக இடம் இருக்கிறது. மூன்று ஏக்கரில் விலக இடமில்லை.

பூநாரை கேட்காத வகுப்பு இல்லை. மன்னார் வங்காலையிலும் சுண்டிக்குளத்திலும் அவற்றைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்தப் பறவை உவர் சதுப்பின் பறவை; நன்னீர்க் குளத்தின் ஓரத்தில் அதை ஒட்டிவைக்கக் கூடாது. பெருங்கூட்டம் இருந்தால்தான் அதற்கு இனம்பெருக்கும் எண்ணமே வரும். சிறிய கூட்டம் வைத்திருக்கும் மிருகக்காட்சிசாலைகளில் எதிரே கண்ணாடி நிறுத்திக் கூட்டம் பெரிதென்று நம்பவைக்கிறார்கள். தீவனத்தில் நிறமி குறைந்தால் இறகு வெளுத்தும்போகும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, உவர்நீர்க்கு வேறொரு தாள் எடுங்கள் என்கிறோம்.

முதலைக்குக் குளத்தில் இடம் கொடுப்பதே இல்லை. பறவைகளைப் பிடிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கட்டு. நன்னீர் முதலை கரையில் வளை தோண்டும். குளக்கட்டில் வளை விழுந்தால் மாரியில் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதற்குத் தனித் தடாகம், கரையில் ஒரு மீற்றர் ஆழத்துக்குக் கொங்கிறீற்று, அதற்கு மேலே மணல். வெயில் காயும் திட்டு ஒன்றுக்கொன்று மறைவாக இரண்டு மூன்று வேண்டும். ஒன்றே இருந்தால் பெரியது அதில் படுத்துக்கொள்ளும்; மற்றவை நாள்முழுவதும் நீருக்குள் குளிர்ந்து, தின்றது செரிக்காமல் கிடக்கும்.

காட்டுப்பகுதிக்குப் போகுமுன் தாளில் காற்றைக் குறிக்க வேண்டும். சோளகம் தென்மேற்கிலிருந்து, வாடை வடகிழக்கிலிருந்து. இந்த இரண்டும் ஒரே கோட்டில் எதிரும் புதிருமாக அடிப்பவை. சிறுத்தையையும் மானையும் அந்தக் கோட்டில் வைத்தால் வருடத்தில் ஒரு பாதியாவது சிறுத்தையின் மணம் மானின் மூக்குக்குப் போய்க்கொண்டிருக்கும். மான் மேயாது, மெலியும். வடமேற்கும் தென்கிழக்குமாக வைத்தால் இரண்டு காற்றும் குறுக்கே போய்விடும். பட்டம் விடுகிற பிள்ளைகள் இதை எங்களுக்கு முன்பே பிடித்துக்கொள்கிறார்கள்.

கரடிக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது, செலவழிக்கவும் வேண்டும். நமது கரடி கறையானுக்கென்றே படைத்தது போன்ற உடம்பு கொண்டது: மேல்வாயின் நடுவில் இரண்டு முன்பற்கள் கிடையாது, மூக்குத் துவாரத்தை மூடிக்கொள்ளும், உதட்டைக் குழலாக்கி உறிஞ்சும். ஒரு நாளின் பெரும்பகுதியைத் தேடித் தோண்டுவதில் கழிக்கும் விலங்குக்குத் தட்டில் சோறு வைத்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க ஒரே தடத்தில் அங்குமிங்கும் நடக்கும். பார்ப்பவர்கள் அதை உற்சாகம் என்று நினைப்பார்கள், அது நோவு. எனவே சீமெந்தில் புற்று ஒன்று கீறுங்கள், பத்துப் பன்னிரண்டு துளைகளோடு. பராமரிப்பாளர் பின்புறத்தால், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு துளையில் தேனோ புழுவோ வைக்கட்டும். சுற்றுச்சுவரின் அத்திவாரம் நிலத்துக்குள் ஒரு மீற்றராவது போக வேண்டும்.

பாலைமரம் இங்கே ஒரு சிக்கலைத் தரும். ஆனி, ஆடியில் பாலைப்பழம் கரடிக்கு உயிர். (அளவு மீறித் தின்றால் பாலில் உதடு ஒட்டும் என்பது மனிதருக்குத்தான் கவலை.) அடைப்புக்குள் பாலை நட்டால் நகத்தால் பட்டையைக் கிழித்துவிடும், அந்த மரம் வளர ஒரு தலைமுறை எடுக்கும். வெளியே நட்டுக் கிளையை உள்ளே விட்டால் பழம் விழும், ஆனால் கிளையே ஏணியாகிவிடும். கரடி நன்றாக மரமேறும். அடிமரத்தை உள்ளே வைத்து, ஆள் உயரத்துக்கு மேலாகவே வலுவான தகரம் சுற்றி, மதிலிலிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிறுத்துவதே இதுவரை எங்களுக்குத் திருப்தியான விடை. உறங்கும் அறை ஒரு கரடிக்கு ஒன்று என்று எழுதாமல், இரண்டு கரடிக்கு மூன்று என்று எழுத வேண்டும். ஒன்றைக் கழுவும்போது மாற்றிவிட இடம் வேண்டும். குட்டி போட்டால் தாயைத் தனியே விட வேண்டும்.

புள்ளிமானில் ஓர் ஆணுக்கு ஐந்து ஆறு பெண், மூலைகள் வளைந்த வேலி, புதிதாக விட்ட முதல் வாரங்களில் கம்பியில் கிடுகுத் தட்டி. வெருண்டு ஓடும் மானுக்குக் கம்பி தெரியாது, கழுத்து முறியும். மயிலை அதோடு விடலாம். காட்டுக்கோழியை விட்டால் ஊர்க்கோழி ஒன்றுகூட எல்லைக்குள் வரக் கூடாது. கோழி நோய் அப்படித்தான் வரும். நட்சத்திர ஆமைக்கு மாரி நீர் நில்லாத மேடு. ஈரத்தில் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோகும். தேவாங்குக்குப் பகலை இரவாக்கும் இருட்டறையும் மங்கல் சிவப்பு விளக்கும்.

எறும்புதின்னியான அழுங்கை நாங்கள் எப்போதும் பட்டியலிலிருந்து வெட்டிவிடுகிறோம். எறும்பும் கறையானும் தவிர வேறொன்றைத் தின்னப் பழக்குவது மிகக் கடினம், அடைப்பில் அவை நிலைப்பதும் அரிது. கற்பனையில் வைத்தால் யாருக்கு நட்டம் என்று கேட்கிறார்கள். தாளில் ஒன்றைச் சாகவிட்டுப் பழகிய கை, பிறகு நிலத்திலும் அதைச் செய்யும் என்று நாங்கள் பயப்படுகிறோம்.

இனி யானை. வளர்ந்த ஒன்றுக்கு நாளுக்கு 150 கிலோ தீவனம் என்று வைத்தால், ஐந்து கொண்ட ஒரு குடும்பத்துக்கு 750 கிலோ, மாதத்துக்கு இருபத்திரண்டரைத் தொன். குடிக்கும் நீர் ஒவ்வொன்றுக்கும் நூறு லீற்றருக்கு மேல். மதம் பிடிக்கும் ஆணுக்குத் தனி அடைப்பு. 20 ஏக்கரில் மற்ற எல்லாவற்றையும் அழித்தாலும் அது நடக்கும் தூரத்தைக் கொடுக்க முடியாது. ஆனால் எங்கள் தாளில் அதற்கு ஓர் இடம் உண்டு. அலைகரையின் காட்டுப்பக்க மூலையில் வேலியை உள்ளே இழுத்து, சேறு தெரியும் கோடை மட்டம்வரை கரையைத் திறந்துவிடுகிறோம். உள்ளே, மரங்களுக்கு நடுவே, பத்துப் பேர் பேசாமல் இருக்கக்கூடிய பலகைத் தட்டி மறைப்பு ஒன்று, பார்க்கும் ஓட்டை வடக்கே. காலை வெயிலும் மாலை வெயிலும் கண்ணில் குத்தாது. பெயர்ப்பலகையில் இனத்தின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை எழுதும் இடத்தை வெறுமையாக விடுகிறோம்.