பாளையங்கோட்டையில் ஒளிர்ந்த ஈ.கோலை

ஒளிரும் பாக்டீரியா செய்யப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டது, "தெருவிளக்குக்குப் பதிலா வைக்கலாமா?" என்றுதான். முடியாது. மரபணு மாற்றிய உயிரை அனுமதியில்லாமல் வெளியே விட இந்தியாவின் 1989-ஆம் ஆண்டு விதிகளில் இடமில்லை. அதனால் பைப்பெட்டைத் தொடும் முன்பே கல்லூரியின் உயிரியல் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம்: நோய் தராத கே-12 வகை ஈ.கோலை (ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு குடல் பாக்டீரியா), போடப்போகும் ஜீன்கள், கழிவை ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) 121 டிகிரியில் அழிக்கும் முறை. தயவுசெய்து இந்தக் கட்டத்தை அலுப்பாக நினைக்காதீர்கள். எழுத எழுதத்தான் எங்களுக்கே திட்டம் தெளிந்தது.

ஜெல்லிமீனின் பச்சைப் புரதம், அதாவது 2008-இல் நோபல் வாங்கித் தந்தது, நீல ஒளியோ புற ஊதாக் கதிரோ பட்டால்தான் மினுங்கும். எங்களுக்குத் தானாகவே ஒளிர வேண்டும். கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 2010-இல் ஐஜெம் என்ற மாணவர் உயிரியல் போட்டிக்காக விப்ரியோ பிஷெரி என்ற கடல் பாக்டீரியாவின் லக்ஸ் ஜீன்களை (ஒளி உண்டாக்கும் ஜீன்கள்), அரபினோஸ் சர்க்கரை கொடுத்தால் இயங்கும்படி ஈ.கோலைக்குள் அமைத்திருந்தார்கள். அந்த வழியைப் பிடித்தோம்.

ஐஸிலிருந்து 42 டிகிரி, திரும்ப ஐஸ். பிளாஸ்மிட், அதாவது ஜீன்களைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம், பாக்டீரியாவுக்குள் போகும் இந்த வேலை எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. நம்மூரில் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது வெப்பத்தை. ஈ.கோலை 37 டிகிரியில் செழித்து வளரும். ஆனால் விப்ரியோ பிஷெரியின் லூசிஃபரேஸ், அதாவது ஒளியை உண்டாக்கும் நொதி, அந்தச் சூட்டைத் தாங்காது. தட்டு நிறைய வளர்ந்திருக்கும், வெளிச்சம் இருக்காது. சித்திரை மாதம் பாளையங்கோட்டையில் அறையே அந்தச் சூட்டில்தான் கிடக்கும். எங்களுக்கு வழிகாட்டிய மேடம் பக்கத்துத் துறையில் பேசி, குளிரூட்டும் இன்குபேட்டர் வாங்கித் தந்தார்கள். 25 டிகிரியில் வைத்தோம்.

காற்றும் முக்கியம். ஆக்சிஜன் இல்லாமல் இந்த ஒளி வராது. அசையாமல் நிற்கும் பிளாஸ்கில் மேற்பரப்பு மட்டும் ஒளிரும். குலுக்கினால் முழுதும் பற்றிக்கொள்ளும். பார்க்கக் கண்ணும் இருட்டுக்குப் பழக வேண்டும். போனைக்கூட எடுக்காமல் காத்திருந்தோம்.

"வெளக்க அணைச்சிட்டு உள்ள என்னடே செய்யுதீய?" என்று வாட்ச்மேன் அண்ணாச்சி வந்தார். அவரையும் உட்கார வைத்தோம். முதலில் ஒன்றும் தெரியவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து பிளாஸ்கைக் குலுக்கியதும், "ஆத்தாடி, நீலமால்லா இருக்கு!" என்றார். நாங்கள் அத்தனை பேரும் கத்திவிட்டோம்.

அன்று போனில் எடுத்த படங்கள் எல்லாம் கறுப்பு. ஒரு டிஎஸ்எல்ஆரை ஸ்டாண்டில் நிறுத்தி, 30 நொடி எக்ஸ்போஷர் வைத்த பிறகே படம் விழுந்தது. நீங்கள் செய்வதாக இருந்தால் கேமராவை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.