சம்பளத்திலேயே நன்கொடையைப் பிடிக்கச் சொன்னோம்

எங்கள் ஆலையில் கொடுக்க மனசில்லாதவர்கள் குறைவு. எங்காவது வெள்ளம், தீவிபத்து என்று கேள்விப்பட்டால் கேட்பதற்கு முன்பே பணம் நீட்டுவார்கள். ஆனால் மாதாமாதம் என்று சொல்லிப் பாருங்கள், ஆளாளுக்கு நழுவுவார்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதில்தான் தர வேண்டும் என்று எல்லோரும் கணக்குப் போடுவதுதான் சிக்கல், ஏனென்றால் யாருக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் பணம் கைக்கு வரும் முன்பே சம்பளத்தில் பிடித்துவிடச் சொல்லலாம் என்று நாங்கள் சிலர் சேர்ந்து நிர்வாகத்திடம் போனோம்.

இது புது யோசனை ஒன்றும் இல்லை. பிரிட்டனில் 1987 முதலே இருக்கிறது. அங்கே வருமான வரி போடும் முன்பே நன்கொடையைக் கழித்துவிடுவதால், 20 சதவீத வரி கட்டுகிறவர் 100 பவுண்டு கொடுத்தால் கைச்சம்பளத்தில் 80 பவுண்டுதான் குறையும். வரிச் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் அதை அப்படியே எங்கும் நகலெடுக்க முடியாது, ஆனால் நிர்வாகத்திடம் காட்ட ஒரு முன்மாதிரி கிடைத்தது.

நிர்வாகம் சீக்கிரமே சரி என்றுவிட்டது. கணக்குப் பிரிவில்தான் இழுத்தது, அவர்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான். முதலாவது, எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் ஒருவர் சம்பளத்தில் இஷ்டத்துக்குக் கை வைக்க முடியாது. பல நாடுகளில் சட்டமே அப்படித்தான். எவ்வளவு, எந்த மாதத்திலிருந்து, யாருக்கு என்று ஒரே பக்கத்தில் படிவம் தயாரித்தோம். அடுத்தது ரசீது. கம்பெனி மொத்தமாக ஒரே தொகையாக அனுப்பினால் ரசீது கம்பெனி பெயரில் வரும், தொழிலாளி வரிச்சலுகை கேட்கும்போது அது அவருக்கு உதவாது. பணத்தோடு பெயர்ப்பட்டியலையும் அனுப்பி, தொண்டு நிறுவனமே ஆளுக்கொரு ரசீது தர வேண்டும் என்று பேசி முடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஒரு நிறுவனம் முடியாது என்றே சொல்லிவிட்டது, அதை விட்டுவிட்டோம்.

கொடுப்பவர்கள் பெயரை அறிவிப்புப் பலகையில் போடலாமே என்று மேலே ஒருவர் ஆசையாகக் கேட்டார். கூடவே கூடாது என்றோம். பெயர் போட்டால், கொடுக்காதவர்கள் யார் என்பதும் தெரிந்துவிடும், அப்புறம் அது நன்கொடை இல்லை, வசூல். பட்டியல் கணக்குப் பிரிவைத் தாண்டக் கூடாது, மேற்பார்வையாளர்கள் கண்ணில் படவே கூடாது என்று எழுதி வாங்கினோம்.

இவ்வளவு செய்தும் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். "ஒரு மாசம் வீட்ல செலவு வந்துட்டா என்னண்ணே பண்றது, யார் கால்ல போய் விழறது?" என்று ஒரு தம்பி கேட்ட பிறகுதான் படிவத்தின் பின்பக்கத்தில் நிறுத்தும் படிவத்தையும் அச்சிட்டோம். காரணம் சொல்ல வேண்டாம், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அடுத்த சம்பளத்தில் பிடித்தம் இருக்காது. அதற்கப்புறம்தான் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நிறுத்தியவர்கள் மிகவும் குறைவு என்பது வேறு விஷயம்.

தொகையை ஏற்றச் சொல்வதற்கும் ஒரு நேரம் உண்டு. ஸ்வீடனில் ஏற்கெனவே மாதாமாதம் கொடுப்பவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், இப்போதே கூட்டுங்கள் என்று கேட்டதைவிட இரண்டு மாதம் கழித்துக் கூட்டுங்கள் என்று கேட்டபோது அதிகம் கிடைத்தது. நாங்களும் ஊதிய உயர்வு வரும் மாதத்திலிருந்து என்றுதான் கேட்கிறோம், ஓரளவு பலிக்கிறது. ஓவர்டைம் பார்ப்பவர்களுக்குச் சதவீதக் கணக்கு வேண்டாம், மாதாமாதம் தொகை மாறினால் குழப்பம்தான்.

ஒப்பந்தத் தொழிலாளர்கள் விஷயம் இன்னும் முடியவில்லை. அவர்கள் சம்பளம் எங்கள் கணக்குப் பிரிவு வழியாக வருவதில்லை. மாதாமாதம் குறித்த தேதியில் வங்கியே கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளும்படி ஆட்டோ டெபிட் போடலாம், ஆனால் சம்பளம் தாமதமாகி அன்று கணக்கில் பணம் இல்லாவிட்டால் வங்கி அபராதம் பிடிக்கலாம், சில சமயம் அது நன்கொடையைவிடப் பெரிதாக இருக்கும். ஒப்பந்ததாரரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அவர்களிடம் படிவம் நீட்ட வேண்டாம் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.