மீனை விரட்டிக் கொடுக்கும் நீர்நாய்

வங்கதேசத்தில் நரைல் பக்கம் சில மீனவர்கள் நீர்நாய் வளர்க்கிறார்கள். ராத்திரியில் படகோரம் வலையை இறக்கிவிட்டு, மூங்கில் கழியில் கட்டிய நீர்நாய்களைத் தண்ணீரில் விடுவார்கள். கரைச்செடிகளுக்குள் பதுங்கும் மீன்களை அவை வலைப்பக்கம் விரட்டும். குட்டிகளைக் கட்டுவதில்லை, தாயை விட்டு எங்கே போகப்போகிறது?

தொண்டியில் மாமாவிடம் இதைச் சொன்னேன். "பிடிச்ச மீனை அதுவே தின்னுடாதா மாப்ள?" என்றார். நியாயமான கேள்வி. வளர்ந்த நீர்நாய் நாளுக்கு ஏறத்தாழ 1 கிலோ மீன் தின்னும். பங்கு கொடுத்துத்தான் ஆக வேண்டும். டீசல் விலைக்கு அது பரவாயில்லை!

கடல்பசுவுக்கு இருப்பது போலத் தோலுக்கடியில் கனத்த கொழுப்பு நீர்நாய்க்குக் கிடையாது. அடர்ந்த உள்முடியில் சிக்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. உப்பு படிந்தால் அந்த முடி கெட்டுப்போகும். அதனால் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவுகளில் கடலில் மீன் பிடிக்கும் நீர்நாய்கள், குளிக்க நல்லதண்ணீர்க் குட்டை தேடிப் போகின்றன. நல்லதண்ணீருக்குக் குடத்தோடு அலையும் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

நேரில் பார்க்க ஆசையா? காவிரி, மோயாறு பக்கம் போங்கள். கரைப்பாறையில் மீன்செதிலோடு வாடை தூக்கும் எச்சம் கிடந்தால், கூட்டம் அந்தப் பக்கம்தான் எங்கேயோ இருக்கிறது.