கோ-4 தீவனப்புல்லுக்கு அசோஸ்பைரில்லம் போடுகிறவர்களுக்கு

கோ-4 என்ற கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நடப்போகிறவர்கள் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உயிர் உரத்தை வாங்கும்போது கேட்கும் முதல் கேள்வி, "இதைப் போட்டால் யூரியா தேவையில்லையா?" என்பதுதான். தேவை. கால் பங்கு குறைக்கலாம். அதற்கு மேல் கை வைத்தால் இரண்டாம் அறுப்பிலேயே புல் வெளிறிப்போகும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரையும் 25 சதவீதத்தோடு நிற்கிறது.

ஏன் அவ்வளவுதான் என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் சுலபம். பிரேசிலில் மண் நுண்ணுயிர் ஆய்வாளர் ஜோஹன்னா டோபரைனர் 1970களில் புல் வேர்களில் இந்த பாக்டீரியாவை விரிவாக ஆராய்ந்தபோது, பயறு வகைகளின் வேர் முடிச்சில் இருந்து தழைச்சத்து தரும் ரைசோபியம் பாக்டீரியா செய்வதை இது புல்லுக்குச் செய்துவிடும் என்று உலகமே எதிர்பார்த்தது. 1978இல் அசோஸ்பைரில்லம் என்ற பேரினப் பெயரும் வந்தது. ஆனால் இது வேரில் முடிச்சு கட்டுவதில்லை. காற்றிலிருந்து பிடிக்கும் தழைச்சத்தில் பெரும்பகுதியைத் தனக்கே வைத்துக்கொள்கிறது. பயிருக்குக் கிடைக்கும் பெரிய லாபம் வேறு இடத்திலிருந்து வருகிறது: இது இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது, பக்க வேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. வேர் அகன்றால், நாம் போட்ட உரமும் கட்டிய தண்ணீரும் வீணாகாமல் உள்ளே போகும். மண்ணில் சத்தே இல்லாவிட்டால் வேர் எவ்வளவு பரந்து என்ன பயன்?

அளவுகளுக்கு வருவோம். 60 × 50 செ.மீ. இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 13,500 இருகணுக் கரணைகள் (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டுகள்) பிடிக்கும். அடியுரமாகத் தொழு உரம் 10 டன். ஹெக்டேருக்கு 150:50:40 கிலோ என்ற தழை, மணி, சாம்பல் சத்துப் பரிந்துரையை ஏக்கருக்கு மாற்றினால் தழைச்சத்து 60 கிலோ, அதாவது யூரியா சுமார் 130 கிலோ. உயிர் உரம் போடும் நிலத்தில் இது 98 கிலோவாக இறங்கும். சூப்பர் பாஸ்பேட் 125 கிலோவிலிருந்து 94 கிலோ ஆகும்.

உயிர் உரத்தில், ஏக்கருக்கு 200 கிராம் பாக்கெட்டாக அசோஸ்பைரில்லம் 4, மணிச்சத்தைக் கரைக்கும் பாஸ்போபாக்டீரியா 4. அல்லது இரண்டும் கலந்த அசோபாஸ் 8 பாக்கெட். இதை நன்கு மக்கிப் பொடித்த 20 கிலோ தொழு உரத்தோடு கலந்து, நடவுக்குச் சற்று முன் பார் (சால்களுக்கு இடையே உள்ள மேடு) ஓரமாகத் தூவ வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த மண்ணில் வெயிலுக்கு முன் தூவுவதும் குப்பையில் கொட்டுவதும் ஒன்றுதான். சாயங்காலம் தூவி உடனே தண்ணீர் விடுங்கள்.

கரணை நனைப்பதுதான் என் பார்வையில் இதைவிட முக்கியமான வேலை, ஆனால் பலர் தவிர்ப்பதும் இதைத்தான். 40 லிட்டர் தண்ணீரில் 5 பாக்கெட் அசோஸ்பைரில்லத்தைக் கட்டியில்லாமல் கரையுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் முதல் நாளே பிடித்துத் திறந்து வையுங்கள். கிணற்றுத் தண்ணீர் உத்தமம். கரணைகளை அம்பதம்பதாகக் கட்டி, அடிக்கணு முழுகும்படி நிறுத்தி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் போதும். முழுக் கரணையையும் அமிழ்த்த வேண்டாம். நடும்போது ஒரு கணுதான் மண்ணுக்குள் போகிறது; வெளியே நிற்கும் கணுவில் ஒட்டியதெல்லாம் மறுநாள் வெயிலில் செத்துவிடும். பாக்கெட்டில் பாக்டீரியாவைத் தாங்கியிருக்கும் பழுப்பு நிலக்கரிப் பொடி அடியில் படியும், அதனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு குச்சியால் கலக்கிவிட வேண்டும். நனைத்ததை நிழலில் வைத்து அன்றைக்கே நட்டுவிடுங்கள். கரணையைப் பூஞ்சாணக் கொல்லியில் நனைத்திருந்தால் ஒரு நாள் கழித்துத்தான் இது. விதைத்து வளர்க்கும் தீவனச் சோளம், கொழுக்கட்டைப் புல்லுக்கு ஆறிய வடிகஞ்சியில் குழைத்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும்.

இனி டிரம் விஷயம். 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ வெல்லத்தோடு ஒரு பாக்கெட்டைப் போட்டு நாலு நாள் வைத்தால் "பெருகிவிடும்" என்கிறார்கள். நுரைக்கும், புளித்த வாடையும் வரும், பெருகியிருப்பது ஈஸ்டும் வேறு பாக்டீரியாக்களும். அசோஸ்பைரில்லம் விரும்பிச் சாப்பிடுவது மேலிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களை. புல் வேர் கசிவதும் அவற்றைத்தான், புல்லோடு இதன் உறவே அங்கேதான் இருக்கிறது. வெல்லத்தின் சுக்ரோஸ் இதற்குச் செல்லாது. பாக்கெட் காசை மிச்சம் பிடிக்கும் வழி இதுவல்ல.

காசு கொடுத்தால் மட்டும் போதாது, உயிருள்ள பாக்கெட்டாக இருக்க வேண்டும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பொடி வடிவில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள், திரவத்தில் மில்லிக்கு 10 கோடி. ஆய்வகத்தில் இதைக் கண்டுபிடிப்பது பார்க்க அழகானது: தழைச்சத்தே இல்லாத, கூழ் போன்ற ஊடகத்தில் விட்டால், மேல்மட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே வெண்மையான மெல்லிய ஏடு ஒன்று படரும், பச்சையாக இருந்த ஊடகம் நீலமாகும். ஆக்சிஜன் கூடினால் தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி கெட்டுவிடும், அதனால்தான் மேலே வராமல் அந்த ஆழத்தில் நிற்கிறது. கடையில் நம்மால் செய்ய முடிந்தது குறைவு: தயாரித்த தேதி ஆறு மாதத்துக்குள் இருக்கிறதா, பொடி கையில் பிடித்தால் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே, பூச்சிமருந்துக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தால் தேதி எதுவானாலும் வாங்காதீர்கள். வாங்கியதை மத்தியானம் பைக் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

சொதப்பும் இடங்களில் முதலாவது யூரியா. அது மண்ணில் அம்மோனியாவாக மாறும், அம்மோனியா பட்டதும் தழைச்சத்தைப் பிடிக்கும் அந்த நொதி சில நிமிடங்களில் அணைந்துவிடும். போதாக்குறைக்கு உரக் குருணையைச் சுற்றியுள்ள உப்பு செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். எனவே இரண்டுக்கும் 7 முதல் 10 நாள் இடைவெளி. சூப்பர் பாஸ்பேட்டையும் பொட்டாஷையும் பார் பிடிக்கும்போதே மண்ணுக்குள் போட்டுவிட்டு, முதல் பாதி யூரியாவை நட்ட பத்தாம் நாளுக்குத் தள்ளலாம். அதுவரை கரணைக்கு வேரே சரியாக இருக்காது, புல்லுக்கு நஷ்டமில்லை. மீதிப் பாதியை 30ஆம் நாள் களை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

அடுத்தது சுக்கான் மண். பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்துதான் மணிச்சத்தைக் கரைக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண் அந்த அமிலத்தை உடனுக்குடன் தின்றுவிடும். அப்படிப்பட்ட நிலத்தில் இதை நம்பி சூப்பர் பாஸ்பேட்டைக் குறைக்காதீர்கள்.

பலன் இருந்ததா என்று தெரிய வேண்டுமானால் இரண்டு பாரை ஒதுக்குங்கள். அங்கே உயிர் உரக் கலவையையே போடாமல் விட்டால் சோதனை பாதிதான்; தொழு உரத்தின் வேலையும் பாக்டீரியா கணக்கில் ஏறிவிடும். அதே பாக்கெட் கரைசலில் கொஞ்சத்தை அரை மணி நேரம் கொதிக்க வைத்து ஆற்றி, அந்தப் பார்களின் கரணையை அதில் நனையுங்கள். தூவும் கலவையிலும் பாக்கெட்டுக்குப் பதிலாக அந்தக் கொதித்த கரைசலையே தெளியுங்கள், தொழு உரமும் ரசாயன உரமும் மற்ற பார்களுக்குப் போட்ட அளவே. 75 முதல் 80 நாளில் முதல் அறுப்பு வரும். இரு பக்கமும் நடுவிலுள்ள பத்துப் பத்துத் தூர்களை அறுத்து, காயவிடாமல் உடனே எடை போடுங்கள். ஓரத் தூர்கள் எப்போதும் கொழுத்திருக்கும், அவற்றைச் சேர்த்தால் கணக்குக் கெடும். முதல் அறுப்பு எடையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அதன்பின் 45 நாளுக்கு ஒரு அறுப்பு என்று வரும் இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், மூன்றாம் அறுப்புக்குப் பின் கட்டையைச் சுற்றி மண்ணைக் கிளறி அதே 4 பாக்கெட்டை எருவோடு மறுபடி கொடுங்கள், பத்து நாள் கழித்து யூரியா.