சாணிக்கு யார் காசு கொடுப்பது?

நெதர்லாந்தில் மண் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்த புதிதில், பால் பண்ணைக்காரர்கள் சாணியைக் காசு கொடுத்து வெளியே அனுப்புவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. டன்னுக்கு 20 யூரோவுக்கு மேல் கொடுத்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு டிராக்டர் சாணிக் குப்பைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, எப்போது வரும் என்று காத்திருக்கும் விவசாயிகளோடு வேலை பார்த்துவிட்டு வந்தவன் நான்.

இங்கே கொட்டகைத் தரையில் நீள நீளமாக இடைவெளி விட்டிருப்பார்கள். சாணியும் மூத்திரமும் அதன் வழியே கீழே தொட்டிக்கு இறங்கி, குளிர்காலம் முழுக்கக் கூழாகக் கிடக்கும். பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் அதை வயலில் விட அனுமதி கிடையாது. குளிரில் புல் வளராது, விட்டதெல்லாம் மழையோடு நிலத்தடி நீருக்குப் போய்விடும். தொட்டியைக் கலக்கும்போது ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பி ஆளையே சாய்த்துவிடும் என்பதால் அந்த நேரத்தில் யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

வயலில் விடுவதும் தனிக் கலை. வட்டத் தகடுகள் புல்தரையைக் கீறிக்கொண்டே போக, பின்னால் வரும் குழாய்கள் அந்தக் கீறலுக்குள் கூழை விடும். மேலாகத் தெளித்தால் அம்மோனியா காற்றில் போய்விடும். பண்ணையை விட்டு வெளியே போகிற கூழ் லாரியில் ஜி.பி.எஸ். உண்டு, மாதிரி எடுக்கும் கருவியும் உண்டு. அந்த மாதிரி ஆய்வகத்துக்கு வந்து தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) எவ்வளவு என்று கணக்கில் ஏறும். சாணிக்கு இத்தனை காகிதமா என்று தோன்றும்!

காரணம், 1991-இல் வந்த ஐரோப்பிய நைட்ரேட் சட்டம். கால்நடை எருவிலிருந்து ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 170 கிலோ தழைச்சத்துதான் போடலாம். புல்வெளி அதிகமுள்ள டச்சுப் பண்ணைகளுக்கு 2006 முதல் 250 கிலோ வரை சலுகை இருந்தது. சமீப ஆண்டுகளில் அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மீந்த கூழ் கூடியது, அனுப்பும் செலவும் ஏறியது.

நம்மூர்ப் பரிந்துரை ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரம். அரை சதவீதம் தழைச்சத்து என்று வைத்தால் 60 கிலோவுக்குச் சற்று மேல் வரும். அதுவும் காகிதத்தில்தான். அவ்வளவு போட்ட வயலை நான் அதிகம் பார்த்ததில்லை. குப்பைமேட்டில் வெயிலும் மழையும் தின்றதுபோக மிஞ்சுவது இன்னும் குறைவு.

இந்த வித்தியாசத்துக்கு மாட்டைவிடத் தீவனம்தான் காரணம் என்பது என் எண்ணம். இங்கே மாடும் பன்றியும் கோழியும் தின்கிற சோயாவில் பெரும்பங்கு தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. எங்கோ விளைந்த மண்ணின் சத்து இந்தச் சின்ன நாட்டில் சாணியாகக் குவிகிறது. டெல்டாவில் நடப்பது நேர்மாறு. இயந்திர அறுவடை முடிந்ததும் வைக்கோலைக் கட்டுக்கட்டாகச் சுருட்டி லாரியில் வேறு மாவட்டங்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் மாடும் குறைந்துவிட்டது. அப்புறம் எருவுக்கு எங்கே போவது?

எனக்குப் பிடித்த முறை கிடை போடுவது. சம்பா அறுவடைக்குப் பிறகு ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டி வருவார்கள். பகலில் மேய்ச்சல், ராத்திரி வயலில் பட்டி. ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வார்கள். மறுநாள் பட்டியைப் பக்கத்துத் துண்டுக்கு நகர்த்துவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணிலேயே விழுந்து, குளம்பு பட்டு மிதிபடும். உடனே ஒரு உழவு ஓட்டினால் காற்றில் போவதும் குறையும். தொட்டி, குழாய், லாரி எதுவும் தேவையில்லை. ஆனால் மேய்ச்சல் நிலம் சுருங்கச் சுருங்க ஆடுகள் வருவதும் குறைகிறது.

மாட்டுக் கொட்டகையில்தான் நாம் கோட்டை விடுகிறோம். மாடு வெளியேற்றும் தழைச்சத்தில் பாதியளவு மூத்திரத்தில் இருக்கிறது, சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) அதில் அதிகம். கூழாகக் கலந்து வைப்பதால் டச்சுக்காரர்களுக்கு அம்மோனியாத் தொல்லை. அதனால் சாணியையும் மூத்திரத்தையும் தரையிலேயே பிரிக்கும் கொட்டகைகளை இப்போது சோதித்துப் பார்க்கிறார்கள். நம்மிடம் இரண்டும் பிரிந்தேதான் வருகின்றன. சிமெண்டுத் தரை போட்டவர்கள்கூட மூத்திரத்தைக் கழுவிச் சாக்கடையில் விட்டுவிடுகிறார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம், கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்னத் தொட்டி கட்டுங்கள், இல்லாவிட்டால் மாட்டுக்கடியில் பதரையோ சருகையோ பரப்பி, நனைந்ததை எருக்குழியில் போடுங்கள் என்று சொல்கிறேன். தெரிந்தவர்களில் சிலர் பதர் பரப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். தொட்டிக்கு இன்னும் யாரும் மசியவில்லை.