வெயில் அடிக்கும்போதே நிற்கும் ஸ்கைலைனர்

அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு பொழுதுபோக்குப் பூங்கா வளாகத்துக்குக் கோடை விடுமுறையில் போய் வந்தவர்களிடம் பேசினால், ஒரே ஆதங்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்: "ஒரு துளி மழை இல்லை, நல்ல வெயில், அப்படியிருந்தும் ஸ்கைலைனரை நிறுத்திவிட்டார்கள்." ஸ்கைலைனர் என்பது உயரத்தில் வடத்தில் தொங்கியபடி ஓடும் கேபின்களின் சேவை. குழந்தைகளையும் தள்ளுவண்டியையும் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்த எரிச்சல் வருவது இயல்புதான். ஆனால் வெயில் இருக்கும்போதே நிறுத்துவதுதான் சரியான நிறுத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்கைலைனர் பொழுதுபோக்குச் சவாரி அன்று. ஆயிரக்கணக்கானோர் விடுதிக்கும் பூங்காவுக்கும் இடையே தினமும் போய்வரும் போக்குவரத்து. ஆஸ்திரியாவைச் சேர்ந்த டாப்பல்மேயர் நிறுவனம் அமைத்த இந்தச் சேவை 2019 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. கரீபியன் பீச் விடுதியில் உள்ள நிலையம்தான் மையம். அங்கிருந்து ஒரு தடம் ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கும், ஒரு தடம் ரிவியரா விடுதி வழியாக எப்காட் பூங்காவுக்கும், இன்னொன்று பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ஆகிய இரு விடுதிகளுக்கும் பொதுவான ஏரிக்கரை நிலையத்துக்கும் போகின்றன. ஒரு கேபினில் 10 பேர் வரை அமரலாம். வேகம் ஏறக்குறைய மணிக்கு 18 கிலோமீட்டர்.

இந்த இடத்தின் வானிலையைப் புரிந்துகொள்ளாமல் சேவையை ஏன் நிறுத்துகிறார்கள் என்று புரிந்துகொள்ள முடியாது. ஃப்ளோரிடா ஒரு தீபகற்பம். கோடையில் காலை முழுவதும் நிலம் சூடேற, கிழக்கே அட்லாண்டிக்கிலிருந்தும் மேற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்தும் கடற்காற்று உள்நாட்டை நோக்கி நகர்கிறது. இரண்டும் தீபகற்பத்தின் நடுப்பகுதியில், அதாவது ஆர்லாண்டோ வட்டாரத்தில், பிற்பகலில் வந்து மோதும் நாட்கள் பல. மோதிய இடத்தில் ஈரக்காற்று மேலெழும்பி, ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே இடிமேகமாகத் திரண்டுவிடும். அமெரிக்காவிலேயே மின்னல் மிக அடர்த்தியாக விழும் மாநிலங்களில் முன்வரிசையில் நிற்பது ஃப்ளோரிடா. மழை பெய்யும் இடத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழக்கூடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருப்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

இப்போது இயந்திரத்தின் பக்கம் வருவோம். பேருந்து என்றால் ஓட்டுநர் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்துவிடலாம். வடத்தில் தொங்கும் கேபினுக்கு அந்த வசதி கிடையாது. ஏறியவர் அடுத்த நிலையத்தில்தான் இறங்க முடியும். கரீபியன் பீச்சிலிருந்து எப்காட் சேரக் கால் மணி நேரம் வரை ஆகும். எனவே கடைசியாக ஏறிய குடும்பம் மறுமுனையில் பத்திரமாக இறங்கும் வரையிலான நேரத்தைக் கணக்கிட்டு, அதற்கும் முன்பாகவே ஏற்றுவதை நிறுத்தியாக வேண்டும். "இப்போது மழை பெய்கிறதா" என்பது இங்கே கேள்வியே அல்ல. "இன்னும் இருபது நிமிடத்தில் அந்த மேகம் எங்கே இருக்கும்" என்பதே கேள்வி.

கரீபியன் பீச் நிலையத்தில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். வரிசையின் வாயிலில் ஊழியர் ஒருவர் கயிற்றை இழுத்துக் கட்டினார். நடைமேடையில் வெயில் பளீரென்று அடித்தது. தென்மேற்கில் மட்டும், மரங்களின் உச்சியை ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. கேபின்கள் நிற்கவில்லை. வெளியே போகும் பக்கத்தில் கதவுகள் ஒவ்வொன்றாக ஆளில்லாமல் மூடிக்கொண்டு புறப்பட, உள்ளே வரும் பக்கத்தில் ஆட்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். காலியாக ஓடுவதைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் அருகில் இருந்தார்கள். அந்தக் காலி ஓட்டம்தான் மேலே இருந்தவர்களை இறக்கிக்கொண்டிருந்தது.

காற்றின் கதை வேறு. சாதாரண மழையில் ஸ்கைலைனர் ஓடும்; காற்றுத் துவாரங்கள் வழியே சாரல் கொஞ்சம் உள்ளே வரலாம், அவ்வளவுதான். பக்கவாட்டில் அடிக்கும் பலத்த காற்று அப்படிப்பட்டதல்ல. அது கேபினை ஊசலாட்டும். வடத்தைத் தாங்கும் கோபுரத்தைக் கடக்கும்போது அந்த ஊசலாட்டம் அளவுக்கு மீறக் கூடாது. வடமும் கோபுரத்து உருளைகளை விட்டு விலகக் கூடாது. இத்தகைய தடங்களில் காற்றுமானிகள் பொருத்தி, காற்று வலுக்க வலுக்க வேகத்தைக் குறைப்பது வழக்கம். ஆனால் வேகம் குறைந்தால் தடம் காலியாக எடுக்கும் நேரமும் நீளும். காற்று கூடும்போதே முடிவை இன்னும் முன்கூட்டி எடுக்க வேண்டிய நெருக்கடி இதனால்தான் வருகிறது. காலியான கேபின் ஆட்கள் நிறைந்த கேபினைவிட எளிதாக ஆடும் என்பதால், புயல் எச்சரிக்கை நாட்களில் கேபின்களை வடத்திலிருந்து கழற்றி உள்ளே நிறுத்திவைக்க முடிவது இந்த வகைத் தடத்தின் பெரிய பலம். இயன் சூறாவளியின்போது 2022 செப்டம்பர் 28, 29 ஆகிய நாட்களில் பூங்காக்களே மூடப்பட்டிருந்தன.

மின்னல் விழுந்தால் கேபினில் இருப்பவர் உடனே தாக்கப்படுவார் என்று பலர் நினைக்கிறார்கள். உலோகக் கூடு ஓரளவு காப்பாற்றவே செய்யும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, மின்னல் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பழுதாக்கி, ஆட்களோடு தடத்தை நிறுத்திவிடுவதுதான். அப்படி நின்றால் இடி ஓயும்வரை மீட்புக் குழுவினர் மேலே ஏற முடியாது. கேபின்களில் குளிர்சாதனமும் கிடையாது. ஓடும்போது குறுக்கே புகும் காற்றுதான் உள்ளே வெப்பத்தைத் தணிக்கிறது. சேவை தொடங்கிய ஒரு வாரத்தில், 2019 அக்டோபர் 5 இரவு, எப்காட் தடம் நின்றுபோய்ப் பயணிகள் மூன்று மணி நேரம் வரை மேலேயே காத்திருந்தார்கள். அதற்குக் காரணம் வானிலை அல்ல. ஆனால் அதே காத்திருப்பு ஜூலை மாதத்துப் பிற்பகலில், இடிமழைக்கு நடுவே, முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், அந்தக் கயிற்றைச் சற்று முன்பே கட்டும் ஊழியர் மீது எனக்கு நன்றிதான் வருகிறது.

மீண்டும் திறப்பது எப்போது? கடைசி இடிமுழக்கம் கேட்டபின் 30 நிமிடம் வெளியே வர வேண்டாம் என்பது அமெரிக்க தேசிய வானிலைச் சேவை பொதுமக்களுக்குச் சொல்லும் விதி. நடுவில் ஒரு முறை இடித்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மழை விட்ட பிறகும் நிலையம் மூடிக் கிடப்பதைப் பார்த்து அலுத்துக்கொள்பவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது. அந்த இடைவெளியில் பேருந்துகள் விடப்படும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் அங்கே போவதால் வரிசை நீளும், ஈரச் சாலையில் வண்டியும் மெதுவாகவே வரும்.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். ஸ்கைலைனரைக் காலையில் நம்புங்கள். அப்போது பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும். மாலை ஐந்து மணிக்கு எப்காட்டில் உணவுக்கு முன்பதிவு செய்திருந்தால், மதியத்துக்கு முன்பே அந்தப் பக்கம் போய்விடுங்கள், அல்லது பேருந்துக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். வளாகத்தில் ஓடும் படகை மாற்று ஏற்பாடாக எண்ண வேண்டாம். மின்னல் வந்தால் அதுவும் நிற்கும். விடுதியில் அறை எடுத்த முதல் நாளே, ஸ்கைலைனர் நின்றால் பேருந்து எந்த இடத்தில் வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.