மாதத்துக்கு நாலு வாரம் என்று கணக்குப் போடாதீர்கள்

தனியாக அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பிள்ளைகளிடம் யார் பேசினாலும் முதலில் சொல்வது "செலவைக் குறை" என்பதுதான். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. நான் பார்த்தவரை பலர் ஏற்கெனவே இழுத்துப் பிடித்துத்தான் செலவு செய்கிறார்கள், அப்படியும் 25ஆம் தேதி வாக்கில் கை காலியாகிவிடுகிறது. வீட்டிலிருந்து வருகிற பணமோ, உதவித்தொகையோ, பகுதிநேர வேலைச் சம்பளமோ, எதுவானாலும் ஒரே நாளில் மொத்தமாக வந்து விழுகிறது. செலவு மட்டும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. வந்த அன்றைக்குக் கணக்கில் தெரிகிற பெரிய தொகையைப் பார்த்ததும் எல்லாமே வாங்கக்கூடியதாகத் தோன்றுவது இயல்புதான்.

இதற்கு வாரக் கணக்கு நல்ல வழி. ஆனால் பெரும்பாலானவர்கள் வந்த பணத்தை நாலால் வகுத்துவிடுகிறார்கள். நாலு வாரம் என்றால் 28 நாள், பிப்ரவரி தவிர எல்லா மாதத்திலும் இன்னும் இரண்டு மூன்று நாள் மிச்சம் இருக்கிறது, அந்த நாட்களுக்கென்று ஒரு காசும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். கைமாற்று கேட்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். அதனால் வாடகை, மின்கட்டணம், போன், இன்டர்நெட் எல்லாவற்றையும் முதலிலேயே கழித்துவிட்டு மீதியை 31ஆல் வகுத்து, 7ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் வாரப் பணம். அதை மட்டும் வேறொரு கணக்குக்கு மாற்றி, அந்தக் கணக்கை மட்டும் போனில் பணம் கட்டுகிற ஆப்போடு இணைத்து வையுங்கள். மற்றது கண்ணில் படவே வேண்டாம்.

அப்புறம், மாதாமாதம் வராத செலவுகள். தேர்வுக் கட்டணம், விடுமுறைக்கு ஊர் போகிற டிக்கெட், வருஷத்துக்கொரு முறை புதுப்பிக்க வேண்டியவை. ஒரு தாளில் வருஷம் முழுக்க வரக்கூடியவற்றை எழுதிக் கூட்டி 12ஆல் வகுத்தால், மாதம் எவ்வளவு எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பணம் வந்த அன்றே, 31ஆல் வகுப்பதற்கு முன்பே, எடுத்து வைத்துவிட வேண்டும், மாதக் கடைசியில் மிஞ்சினால் பார்க்கலாம் என்றால் மிஞ்சவே மிஞ்சாது. தனியாக இருப்பவர்களுக்கு இதற்கு மேலும் ஒன்று தேவை: ராத்திரி காய்ச்சல் அடித்தால் டாக்டரைப் பார்க்கவும், வீட்டுக்கு அவசரமாகக் கிளம்பவும் ஆகிற பணம். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத நேரத்தில்தான் அது வேண்டியிருக்கும், எனவே என்ன ஆனாலும் அதில் கை வைக்காதீர்கள்.

கிரெடிட் கார்டு விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்லிவிடுகிறேன். பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருக்கும், அதைக் கட்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். மாத வட்டி 3 சதவீதம், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 100 நிலுவை இருந்தால் வட்டி சேர்ந்து 103 ஆகும், அதில் 5 சதவீதம் கட்டியதும் 97.85 நிற்கும். கட்டியது 5.15, கடனில் குறைந்ததோ 2.15 மட்டும்! இதே வேகத்தில் போனால், கார்டில் புதிதாக எதுவுமே வாங்காமல் இருந்தாலும், கடன் பாதியாகக் குறைய ஏறக்குறைய 32 மாதம் ஆகும். அதற்குள் கட்டிய தொகையைக் கூட்டிப் பார்த்தால் வாங்கிய கடனைவிட கிட்டத்தட்ட 20 சதவீதம் அதிகம், அதன் பிறகும் பாதிக் கடன் அப்படியே நிற்கும். மூன்று வருஷப் படிப்பே கிட்டத்தட்ட முடிந்துவிடும். முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்ட முடியும் என்றால் மட்டும் கார்டை எடுங்கள். "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்கிற தவணைகளும் கடன்தான். ஒவ்வொன்றும் சின்னதாக இருப்பதால் நாலைந்து சேர்ந்த பிறகுதான் கையைக் கடிக்கும்.

வாடகை முன்பணம் பற்றியும் ஒரு வார்த்தை. குடிபோகிற அன்றே சுவர்க் கறை, உடைந்த குழாய், மின்மீட்டரில் ஓடியிருக்கிற எண் எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். தேதியோடு அது இருக்கும், காலி செய்யும்போது பிடித்தம் பற்றிப் பேச்சு வந்தால் காட்டலாம். இன்னொன்று, முதல் மாதம் இலவசம் என்று சேர்கிற சேவைகளைச் சேர்ந்த அன்றே ரத்து செய்துவிடுங்கள், பலவற்றில் அந்த மாதம் முடியும் வரை பயன்படுத்த விடுவார்கள்.

இவ்வளவு செய்தும் பற்றாக்குறை வரலாம். வருமானமே போதாதபோது எந்தக் கணக்கும் கைகொடுக்காது, அது உங்கள் தப்பும் இல்லை. அந்த நிலையில் வீட்டிடமோ கல்லூரி அலுவலகத்திடமோ கெடு தேதிக்கு முன்பே பேசுங்கள், எவ்வளவு குறைகிறது, எந்தத் தேதிக்குள் தேவை என்று எண்ணோடு சொல்லுங்கள். கட்டணத்தை இரண்டாகப் பிரித்துக் கட்ட அனுமதி கேட்பதானால் அபராதம் விழுவதற்கு முன்பு கேளுங்கள், விழுந்த பிறகு அதைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்பது இன்னும் கஷ்டம்.